நுரைக்காத சோப்பும் நுரைக்கிற ஆறும்

வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணறு. சோப்பு நுரைப்பதில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. சுரங்கம்தானே காரணம்?
- கருப்பூர் வாசகி

பாதிக் காரணம். அந்த வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். கூடவே இருக்கும் டியூனைட் பாறையிலும் மெக்னீசியம் நிறைய. ஒரு குழிகூடத் தோண்டாவிட்டாலும் அங்கே தண்ணீர் கொஞ்சம் கடினமாகத்தான், அதாவது சோப்பு நுரைக்காதபடிதான், இருக்கும். ஆனால் பாறையை உடைத்துக் குவித்தால் மழைநீர் படும் பரப்பு பல மடங்காகிறது, கரைவதும் கூடுகிறது. குடிநீரில் மெக்னீசியம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீரே இல்லையென்றால் 100 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரம். படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், கடினத்தன்மை போகாது. பரிசோதனைக்குக் கொடுக்கும்போது குரோமியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பாறைகளில் குரோமியத்தின் தாதுவான குரோமைட்டும் இருக்கும். குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம்தான். பாத்திரத்துப் படிவைவிட என் கவலை அதில்தான். கோடையில் ஒரு முறை, மழைக்கப்புறம் ஒரு முறை பாருங்கள்.

மேகாலயாவில் நிலக்கரிச் சுரங்கத்தால் ஆறு அமிலமானதாகப் படித்தேன். நமக்கும் வருமா?
- ஓமலூர் வாசகர்

அந்த நிலக்கரியில் கந்தகம் அதிகம். காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். நம் வெள்ளைக்கல் நேர் எதிர், அமிலத்தையே முறித்துவிடும். அந்தப் பயம் வேண்டாம்.

ஏற்காட்டில் மழை பெய்தால் ஓடை செக்கச்செவேலென்று ஓடுகிறது. மண்தானே, மீனுக்கு என்ன கெட்டுவிடும்?
- ஏற்காடு வாசகர்

மண்தான் கெடுக்கிறது. ஓடையின் கூழாங்கற்களுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் பூச்சிகளின் இளம்புழுக்கள் வாழ்கின்றன, பல மீன்கள் முட்டையிடுகின்றன. மெல்லிய செம்மண் அதை அடைத்துவிட்டால் முட்டைக்கு மூச்சு முட்டும். கலங்கலில் வெயில் இறங்காது, பாசி வளராது, பாசி தின்னும் மீனுக்கு இரை இல்லை.

இன்னொன்றும் உண்டு. சேர்வராயன் மலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருப்பது உச்சிச் சமவெளிகளில், தொப்பி போட்டதுபோல. துளைகள் உள்ள அந்தத் தொப்பி மழையைக் குடித்து, மெதுவாக ஊற்றுகளில் விடும். சுரங்கம் அதைச் சுரண்டியெடுத்தால் மழைநாளில் வெள்ளம், சித்திரையில் வறண்ட ஊற்று.

அதற்காக எல்லாச் சிவப்பையும் சுரங்கத்தின் தலையில் கட்ட வேண்டாம். புதிதாக வெட்டிய சாலையும் விடுதிக்குச் சமப்படுத்திய மனையும் இதே மண்ணைத்தான் அனுப்பும். மழை விட்டதும் ஓடையோடு மேலே நடந்து பாருங்கள். எந்தக் கிளை சேருமிடத்தில் நிறம் மாறுகிறதோ, அந்தக் கிளையைப் பிடித்து ஏறுங்கள்.

திருமணிமுத்தாறு நுரைத்து ஓடுவதும் சுரங்கத்தாலா?
- சேலம் டவுன் வாசகர்

இல்லை. நுரை சாக்கடையிலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் வருவது. பாறைத்தூள் நுரைக்காது.

பழைய சுரங்கக் குழியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பையன்கள் குளிக்கலாமா?
- சூரமங்கலம் வாசகர்

தெளிவு என்றால் தூள் அடியில் படிந்துவிட்டது, அவ்வளவுதான். தண்ணீரைவிடக் கரைதான் ஆபத்து. செங்குத்தான வெட்டு, படி கிடையாது, ஆழமும் தெரியாது. அனுப்பாதீர்கள்.