கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் பாடம்

கே: நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். கடல் இங்கிருந்து வெகுதூரம். என் வகுப்பில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. 'கடலைக் காப்போம்' என்று ஒரு வாரம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். சுவரொட்டி, உறுதிமொழி தவிர வேறு என்ன செய்யலாம்?

ப: டீச்சர், சுவரொட்டியைக் கடைசி நாளுக்குத் தள்ளி வையுங்கள். முதல் நாளுக்கு இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். ஒன்றில் சாதாரணத் தண்ணீர். இன்னொன்றில் கடல்நீர் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், உப்புக் கரைத்த தண்ணீர். முந்தின நாளே கரைத்து வகுப்பிலேயே வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். நீலச் சாயம் கலந்து உறையவைத்த ஐஸ் கட்டியை ஒவ்வொன்றிலும் மெதுவாக மிதக்கவிடுங்கள். கலக்கக் கூடாது. எது முதலில் கரையும் என்று கேளுங்கள்.

இருபத்தாறு வருடம் வகுப்பெடுத்தவள் நான். பெரும்பாலான கைகள் உப்புத் தண்ணீருக்குத்தான் உயரும். உப்பு ஐஸைக் கரைக்கும் என்று எங்கோ கேட்டிருப்பார்கள். நடப்பது வேறு. சாதாரணத் தண்ணீரில் கட்டியின் அடியிலிருந்து நீலம் நூல் நூலாக இறங்கி, அடியைத் தொட்டுச் சுருளும். உப்புத் தண்ணீரில் நீலம் கீழே போகாது. மேலேயே பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். உருகிய நீர் குளிர்ந்ததுதான், ஆனாலும் அதில் உப்பில்லை, அதனால் உப்புநீரைவிட லேசு. கட்டி அந்தக் குளிர்நீருக்குள்ளேயே கிடப்பதால் மெல்லத்தான் கரையும்.

ஒரு முறை பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்போ நிஜக் கடல்ல எதுதான் கீழ போகும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். குளிர்ந்த நீர், அதிலும் உப்பு மிகுந்த நீர் கீழே போகும். வட அட்லாண்டிக்கிலும் அண்டார்க்டிகாவைச் சுற்றியும் அப்படித்தான் மூழ்கி, அடியாழத்தில் ஊர்ந்து, மறுபடி மேலே வரப் பல நூறு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. டம்ளரில் பார்த்த பிள்ளைக்கு இது ஒரே வரியில் புரிந்துவிடும்.

மறுநாள் உலக வரைபடம். 1992 ஜனவரியில் வட பசிபிக்கில் ஒரு கப்பலிலிருந்து பெட்டகங்கள் கடலில் விழுந்து, சுமார் 28,800 பிளாஸ்டிக் குளியல் பொம்மைகள் மிதந்து போயின. வாத்து, ஆமை, தவளை, நீர்நாய் போன்ற பீவர். பத்து மாதம் கழித்து அலாஸ்கா கரையில் ஒதுங்கத் தொடங்கின. எங்கெங்கே ஒதுங்கின என்று குறித்துவைத்தே நீரோட்டங்களைப் பற்றி விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பள்ளி வாசலில் ஓடும் மழைநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

கடல் நமக்கு என்ன செய்கிறது, நாம் கடலுக்கு என்ன செய்கிறோம், இரண்டும் தெரிவதையே கடல் அறிவு என்று யுனெஸ்கோ சொல்கிறது. உறுதிமொழி எல்லாம் இரண்டாவது பாதி. முதல் பாதியைச் சொல்லிக்கொடுக்காமல் அதைக் கேட்டு வாங்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கே: பள்ளியில் பிளாஸ்டிக் சிக்கிய ஆமையின் வீடியோ காட்டினார்களாம். ஒன்பது வயது மகள் இரண்டு நாளாக அழுகிறாள், "எல்லாம் செத்துப்போயிடுமா அம்மா?" என்கிறாள். என்ன சொல்வது?

ப: "இல்லை" என்று சொல்லுங்கம்மா, அது பொய்யில்லை. வணிகத் திமிங்கில வேட்டைக்கு உலகளவில் தடை போடுவதென்று 1982ல் முடிவெடுத்தார்கள். 1986ல் அது நடைமுறைக்கு வந்தது. சில நாடுகள் அதை மீறியும் விலகியும் நின்றன, ஆனாலும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் பல கடல்களில் மறுபடி பெருகிவிட்டன. பச்சை ஆமையும் அழியும் ஆபத்திலிருந்த இனங்களின் பட்டியலிலிருந்து 2025ல் வெளியே வந்தது. முட்டையிடும் கரைகளைப் பல்லாண்டுகள் காவல் காத்தவர்களின் உழைப்பு அது. ஆபத்து இருக்கிறது, நல்லதும் நடக்கிறது, இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம், கையில் ஒரு வேலை கொடுங்கள். கரையோ ஏரியோ தெருவோ, குப்பை பொறுக்கும்போது வகை பிரித்து எண்ணி எழுதச் சொல்லுங்கள்: மூடி எத்தனை, உறை எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை. 1986ல் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கிய பெரிய துப்புரவு இயக்கமே இந்த எண்ணிக்கையை அட்டையில் குறித்துக்கொண்டுதான் வளர்ந்தது. எது அதிகம் என்று தெரிந்தால் யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியும். எண்ணுகிற குழந்தை அழுவதை மறந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கே: எட்டாம் வகுப்பு மாணவன். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது என்பது சரியா?

ப: தம்பி, வரியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். பூமியில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதியைக் கடலின் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. ஆனால் அதில் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. காற்றில் உள்ள 21 சதவீதம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு. அந்த நுண்ணுயிர்களில் புரோகுளோரோகாக்கஸ் என்ற ஒன்று 1980களில்தான் கண்ணில் பட்டது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் அது ஒரு லட்சமோ அதற்கு மேலோகூட இருக்கலாம். சாதாரணப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்ப்பது கடினம். ஆனால் குளத்துத் தண்ணீர்த் துளி ஒன்றை வைத்துப் பார், அதன் உறவுக்காரர்கள் சிலர் தெரிவார்கள்.