காழ்ப்புணர்ச்சி என்றால் என்ன? பகையும் பொறாமையும் அதுவும் ஒன்றுதானா?

செய்திகளில் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். ஓர் அரசியல்வாதி மீது வழக்குப் போட்டால் போதும், 'இது அரசியல் காழ்ப்புணர்ச்சி' என்று அறிக்கை வந்துவிடும். இதில் கட்சி வேறுபாடே கிடையாது.

நெடுநாளாக மனதில் கிடந்து இறுகிப்போன வெறுப்புதான் காழ்ப்புணர்ச்சி. 'காழ்' என்பது மரத்தின் வைரம். வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அதுதான். காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். 'பகைத்திறம் தெரிதல்' அதிகாரத்தில் ஒரு குறள் (879) இருக்கிறது:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து.

முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடு, முற்றினால் வெட்டுகிறவன் கையைப் பதம் பார்க்கும் என்கிறார். அங்கே முற்றுவது பகைவனின் வலிமை. இன்று நாம் சொல்லும் காழ்ப்பில் முற்றியிருப்பது வெறுப்பு.

பகைக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கம் உண்டு. 'அவர்களுக்குள் பகை' என்கிறோம். அந்த இடத்தில் காழ்ப்புணர்ச்சியைப் போட்டால் இடிக்கும். 'அவர் மீது இவருக்குக் காழ்ப்புணர்ச்சி' என்பதுதான் இயல்பு. எதிராளிக்கு அது தெரியாமலே கூட இருக்கலாம். பொறாமை வேறு, நம்மிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருப்பதால் வருவது. வன்மம்தான் நெருங்கிய சொல். ஆனால் வன்மம் சமயம் பார்த்துக் காத்திருக்கும். காழ்ப்பு பேச்சிலும் எழுத்திலும் அவ்வப்போது கசிந்துவிடும்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. 'எனக்கு அவன் மேல் பொறாமை' என்று ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. 'எனக்குக் காழ்ப்புணர்ச்சி' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. தன்னைப் பற்றி என்றால், 'எனக்குத் தனிப்பட்ட காழ்ப்பு எதுவும் இல்லை' என்று மறுக்க மட்டுமே வரும். மற்றபடி அடுத்தவர் மீது வீசுகிற சொல்தான். அதனாலேயே நியாயமான விமர்சனத்தைக்கூட இந்த ஒரு சொல்லால் ஓரங்கட்டிவிடுகிறார்கள். காரணத்தோடு, செயலைச் சுட்டி எழுதினால் அது விமர்சனம். என்ன செய்தாலும் குற்றம், யார் செய்தார் என்பதுதான் கணக்கு என்றால் அது காழ்ப்பு.

அப்புறம், எழுதும்போது 'ப்' விட்டுப்போகும்: 'காழ்புணர்ச்சி' பிழை. பேச்சில் இந்தச் சொல் அவ்வளவாக வராது. 'ஏதோ மனசுல வச்சுக்கிட்டுப் பேசுறான்' என்போம், அவ்வளவுதான்.