கருவாடு தினமும் சாப்பிட்டால் பிரஷர் கூடுமா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபம், தொண்டிப் பக்கம் பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு இல்லாமல் பலருக்கு இறங்காது. கருவாடு என்பது உப்பிட்டு வெயிலில் காயவைத்த மீன். புரதம் நிறைய, சிக்கல் உப்பில்தான். மீனிலிருந்து நீரை வெளியே இழுத்த அதே உப்பு, இரத்தத்தில் கூடினால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டாரை முழுதாகத் திறந்துவிட்டால் ரப்பர் குழாய் விறைக்குமே, அதுபோல இரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும்.

நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளமும் அந்தக் கணக்கில்தான். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசினால் உப்பு ஓரளவு இறங்கும். குழம்பை ருசி பார்த்த பிறகே உப்பு டப்பாவைத் தொடுங்கள் (என் பாட்டி பெரும்பாலும் தொடவே மாட்டார்).

‘இந்துப்பு என்றால் எவ்வளவும் போடலாம்’ என்பது தவறு. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.