நேரலைக்கு எந்தப் போர்ட்டைத் திறப்பது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அரங்க நிகழ்ச்சிகளை ஒரு வன்பொருள் என்கோடர் (காட்சியை இணையத்தில் அனுப்ப ஏற்ற வடிவுக்கு மாற்றும் கருவி) வழியாக யூடியூபில் நேரலை செய்கிறோம். கட்டடத்தின் பொது இணைய இணைப்புக்கு மாறியதிலிருந்து என்கோடர் 'இணைக்க முடியவில்லை' என்றே காட்டுகிறது. அதே கருவி கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒழுங்காக இயங்குகிறது. ரவுட்டரில் 1935 போர்ட்டை (ஒரு சேவைக்கான எண்ணிட்ட இணைப்பு வாசல்) ஃபார்வர்டு செய்தும் பயனில்லை. வேறு எதைத் திறக்க வேண்டும்?

பதில்: நீங்கள் செய்த போர்ட் ஃபார்வர்டிங்குக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பில்லை, அதை முதலில் நீக்கிவிடுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பை எந்தக் கருவியிடம் சேர்ப்பது என்று ரவுட்டருக்குச் சொல்வதுதான் ஃபார்வர்டிங். யூடியூபுக்கு நேரலை அனுப்பும்போது இணைப்பைத் தொடங்குவது உங்கள் என்கோடர். 1935 என்பது யூடியூப் சர்வரின் பக்கத்தில், ஆர்.டி.எம்.பி. என்னும் வழக்கமான நேரலை முறைக்காக உள்ள டி.சி.பி. போர்ட் (டி.சி.பி., யு.டி.பி. இரண்டும் இணையத்தில் தகவல் அனுப்பும் இரு வேறு முறைகள்). ஆகவே, எந்தப் போர்ட்டைத் திறப்பது என்று யோசிப்பதற்கு முன், இணைப்பை யார் தொடங்குகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரலைக் கருவிகளின் போர்ட் சிக்கல்களில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஹாட்ஸ்பாட்டில் இயங்குகிறது என்று நீங்கள் குறிப்பிட்டது மிகவும் உதவுகிறது. என்கோடர், ஸ்ட்ரீம் கீ (நேரலையை உங்கள் கணக்கோடு இணைக்கும் ரகசியக் குறியீடு), யூடியூப் கணக்கு ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றன என்பதும், கட்டடத்தின் வலையமைப்பில்தான் தடை இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகின்றன. என்கோடரில் செருகியிருந்த அதே கேபிளை ஒரு மடிக்கணினியில் செருகி, டெல்நெட் கட்டளையால் யூடியூப் சர்வரின் 1935 போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். நெடுநேரம் காத்திருந்து தோல்வியில் முடிந்தால், இடையிலுள்ள ஏதோ ஒரு ஃபயர்வால் (வலையமைப்பின் தடுப்பு வேலி) பதிலே சொல்லாமல் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, கைவிடுகிறது என்று பொருள். உடனே மறுப்பு வந்தால், யாரோ வெளிப்படையாகத் தடுக்கிறார்கள். சர்வரின் பெயரே அகப்படவில்லை என்றால் அது பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். சேவையின் கோளாறு, அதற்காகப் போர்ட் அமைப்புகளைத் தொட வேண்டியதில்லை. ஒரு கருவி பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் 'பிங்' கட்டளையைப் போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பிங் போர்ட் எதையும் பயன்படுத்துவதில்லை; அது வெற்றி பெற்றாலும் 1935 மூடியிருக்கலாம், அது தோற்றாலும் 1935 திறந்திருக்கலாம்.

கட்டட நிர்வாகம் வெளிச்செல்லும் 1935ஐ அனுமதிக்க மறுத்தால், ஆர்.டி.எம்.பி.யின் மறையாக்கம் செய்யப்பட்ட வடிவமான ஆர்.டி.எம்.பி.எஸ். முறைக்கு மாறுங்கள். அது பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டிலேயே செல்வதால் பெரும்பாலும் தடுக்கப்படுவதில்லை. ஆனால், பழைய முகவரியின் கடைசியில் 443 என்று சேர்த்தால் மட்டும் போதாது. முகவரியின் தொடக்கமும் ஆர்.டி.எம்.பி.எஸ். என மாற வேண்டும், அந்த முறையை என்கோடரும் அறிந்திருக்க வேண்டும். பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று, என்கோடரின் கடிகாரம். மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் சர்வரின் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தை என்கோடர் தன் தேதியோடு ஒப்பிடுகிறது. மின்சாரம் நின்று வந்தபின் கருவியின் தேதி 1970க்குத் திரும்பியிருந்தால், போர்ட் திறந்திருந்தும் இணைப்பு முறியும். நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. சேவை யு.டி.பி. 123 போர்ட்டைப் பயன்படுத்துகிறது. கண்டிப்பான ஃபயர்வால்கள் அதையும் அடைத்துவிடுவதுண்டு என்பதால், நிர்வாகத்திடம் அதற்கும் சேர்த்தே அனுமதி கேளுங்கள்.

கேள்வி: வெளியிடத்திலிருந்து எங்கள் ஸ்டுடியோவுக்கு எஸ்.ஆர்.டி. என்னும் இணையவழி ஒளிபரப்பு முறையில் காட்சியை அனுப்புகிறோம். ஸ்டுடியோ டிகோடரை (வரும் காட்சியைத் திரும்ப விரிக்கும் கருவி) 9000 போர்ட்டில் லிசனராக (இணைப்புக்குக் காத்திருக்கும் முனை) வைத்து, ரவுட்டரிலும் அதை ஃபார்வர்டு செய்துள்ளோம். இருந்தும் இணைப்பு கிடைக்கவில்லை. போர்ட் சோதிக்கும் இணையதளமும் 'மூடியுள்ளது' என்கிறது.

பதில்: உங்கள் அமைப்பில் ஃபார்வர்டிங் உண்மையாகவே தேவை, ஏனெனில் இங்கே இணைப்பைத் தொடங்கும் முனையான காலர் வெளியில் இருந்து உள்ளே வருகிறார். எஸ்.ஆர்.டி. யு.டி.பி.யின் மேல் இயங்குவது. ரவுட்டர் விதியில் டி.சி.பி. என்று தேர்ந்திருந்தால் அது இருந்தும் இல்லாததுதான். அந்த இணையதளங்களில் பெரும்பாலானவை டி.சி.பி.யை மட்டுமே சோதிப்பவை என்பதால் அவற்றின் தீர்ப்பை இங்கே நம்ப முடியாது. ரவுட்டரின் உள்பக்கத்தில் ஒரு கணினியில் பாக்கெட் பதிவு மென்பொருளை இயக்கி, 9000க்கு யு.டி.பி. பாக்கெட்டுகள் வந்து சேர்கின்றனவா என்று நேரில் பார்ப்பதே நம்பகமான சோதனை. அதற்காக விதியைத் தற்காலிகமாக அந்தக் கணினியை நோக்கித் திருப்பிவிடலாம்.

விதி சரியாக இருந்தும் ஒரு பாக்கெட்கூட வரவில்லை என்றால், ரவுட்டரின் வெளிப்பக்க ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. இந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் காலர் உங்களை வந்தடைய மாட்டார். தனிப்பட்ட பொது முகவரி கேட்டுப் பெறலாம்; வெளியிடத்தில் பொது முகவரி இருக்குமானால், அங்குள்ள என்கோடரை லிசனராகவும் ஸ்டுடியோவைக் காலராகவும் மாற்றிவிடலாம். காட்சி எந்தத் திசையில் செல்கிறது என்பதும் இணைப்பை யார் தொடங்குகிறார் என்பதும் எஸ்.ஆர்.டி.யில் தனித்தனி விஷயங்கள். இரு பக்கமும் பொது முகவரி இல்லாவிட்டால், நடுவில் பொது முகவரியுள்ள ஒரு சர்வரை வைத்து இருவரும் அதற்குக் காலராகச் செல்வதே தலைவலி குறைந்த வழி.

இணைப்பு கிடைத்த பின்னும் படம் உடைந்தால் போர்ட்டைக் குறை சொல்லாதீர்கள். எஸ்.ஆர்.டி.யின் இயல்பான தாமத அளவு (தொலைந்த பாக்கெட்டை மீண்டும் பெறக் காத்திருக்கும் நேரம்) 120 மில்லி நொடி. நெடுந்தொலைவுக்கு அது போதாது. பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைப் போல் மூன்று அல்லது நான்கு மடங்காக அதை அமையுங்கள். இரு முனைகளிலும் வெவ்வேறு அளவு இருந்தால் பெரியதே நடைமுறைக்கு வரும்.

கேள்வி: ஒரே கட்டடத்தில் என்.டி.ஐ. கேமரா (உள்வலையமைப்பு வழியாகக் காட்சி அனுப்புவது) ஒரு கணினியில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை. ஏன்?

பதில்: இரண்டாவது கணினி வேறு வி-லானில் (வலையமைப்புக்குள் தனியாகப் பிரிக்கப்பட்ட பகுதி) இருக்கலாம். என்.டி.ஐ. மூலங்களைக் கண்டறிய உதவும் எம்.டி.என்.எஸ். அறிவிப்புகள் யு.டி.பி. 5353 வழியாகச் செல்கின்றன. அவை சாதாரணமாக ஒரு சப்நெட்டை (வலையமைப்பின் ஒரு முகவரிப் பிரிவு) தாண்டுவதில்லை. கேமராவின் முகவரியைக் கைப்பட உள்ளிடுங்கள். 5960இலிருந்து மேலே செல்லும் போர்ட்டுகளை இரு சப்நெட்டுகளுக்கும் இடையே அனுமதியுங்கள். இரண்டும் ஒரே சப்நெட்டில்தான் இருக்கின்றன என்றால், விண்டோஸ் அந்த இணைப்பைப் 'பொது' வலையமைப்பாகக் கருதித் தடுக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு என்கோடரை ரவுட்டரின் டி.எம்.இஸட். பகுதியில் வைத்துவிட்டால் எல்லாப் போர்ட்டும் திறந்துவிடுமே, அதில் தவறுண்டா?

பதில்: உண்டு. நேரலைக்கான போர்ட்டோடு என்கோடரின் நிர்வாகப் பக்கமும் உலகம் முழுவதற்கும் திறந்துவிடும். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கருவியை இத்தகைய திறப்புகளைத் தானாகத் தேடித் திரியும் நிரல்கள் விரைவிலேயே கண்டுபிடித்துவிடும். தேவைப்படும் ஒரு யு.டி.பி. போர்ட்டை மட்டும் திறந்து, அனுப்புபவரின் முகவரி நிலையானதாக இருந்தால் அதிலிருந்து வருவதை மட்டும் ஏற்குமாறு விதியைக் குறுக்குங்கள். நிர்வாகப் பக்கத்தைத் தொலைவிலிருந்து திறக்க வேண்டியிருந்தால் வி.பி.என். வழியாகச் செல்லுங்கள்.