நின்டெண்டோவின் கேம் கருவியான சுவிட்ச் ஓலெட் வைத்திருப்பவர் புதிய சுவிட்ச் 2-க்கு மாறலாமா?

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகும்போதுதான் அதிகம் விளையாடுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் பற்றரியைப் பாருங்கள். நின்டெண்டோவின் கணக்கில் ஓலெட் சுமார் 4.5 முதல் 9 மணி நேரம் தாங்கும். சுவிட்ச் 2 சுமார் 2 முதல் 6.5 மணி நேரம்தான். அவ்வளவு நீண்ட பயணத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

திரை 7 அங்குலத்திலிருந்து 7.9 ஆகிறது, தெளிவும் கூடுகிறது. ஆனால் அது எல்சிடி வகைத் திரை. ஓலெட் திரையின் அடர்ந்த கறுப்பு எனக்கு இன்னும் பிடிக்கும்.

பழைய கேம்களில் பெரும்பாலானவை ஓடும், சரி. ஆனால் சுவிட்ச் 2-இல் பழைய மைக்ரோ எஸ்டி நினைவக அட்டையில் கேம்களைச் சேமிக்க முடியாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகை அட்டை வேண்டும். அந்தச் செலவையும் சேருங்கள். மாரியோ கார்ட் வேர்ல்ட் போல சுவிட்ச் 2-இல் மட்டுமே ஓடும் கேம் ஒன்றுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஓலெட்டையே வைத்திருங்கள்.