9.3 ரைபிளுக்கு எந்தக் குண்டு?

கேள்வி: ஐயா, நியூசிலாந்தில் இருக்கும் என் மச்சான் மார்ச் கடைசியில் ரெட் டீர் என்ற பெரிய மான் வேட்டைக்கு வரச்சொல்கிறார். அவரிடம் இருப்பது 9.3×62 ரைபிள். 286 கிரெய்ன் எடையுள்ள ஈயக்குண்டு வாங்குவதா, 250 கிரெய்ன் முழுச் செப்புக்குண்டு வாங்குவதா என்று யோசிக்கிறார். "இவ்வளவு பெரிய குண்டு எங்கே பட்டாலும் மான் விழுந்துவிடும்" என்கிறார். எனக்கு ரைபிள் பழக்கமெல்லாம் என்எஸ் என்ற தேசிய சேவையோடு சரி. அவர் சொல்வது உண்மையா?
- வாசகர், ஈசூன்

பதில்: எங்கே பட்டாலும் விழும் என்ற பேச்சை உங்கள் மச்சான் முதலில் விடட்டும். வயிற்றில் அடிபட்ட மான், குண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஓடும். புதருக்குள் மணிக்கணக்கில் கிடந்து துடித்துச் சாகும். இதயமும் நுரையீரலும் இருப்பது முன்னங்காலை ஒட்டிய நெஞ்சுக்கூட்டில். அங்கே படும் என்ற உறுதி இல்லாவிட்டால் விசையில் விரல் வைக்கவே கூடாது.

இப்போது குண்டுக்கு வருவோம். 9.3×62 என்றால் குண்டின் விட்டம் 9.3 மில்லிமீட்டர், தோட்டாக் கூட்டின் நீளம் 62 மில்லிமீட்டர். இந்தத் தோட்டாவை 1905இல் வடிவமைத்தவர் பெர்லினில் துப்பாக்கி செய்துவந்த ஓட்டோ பொக். ஆப்பிரிக்காவுக்குப் போன ஜெர்மானியக் குடியேறிகளுக்கு, சாதாரண மவுசர் 98 ரைபிளிலேயே பெரிய விலங்குகளைச் சுடும்படியான ஒரு தோட்டா தேவைப்பட்டது. அதற்குப் பழகிய குண்டின் எடை 286 கிரெய்ன், அதாவது 18.5 கிராம். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 720 மீட்டர். என்எஸ்ஸில் நீங்கள் சுட்ட 5.56 குண்டு வெறும் 4 கிராம்தான்.

ஆனால் எடையைவிட, குண்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ராணுவக் குண்டு முழுவதும் உறை போட்டது, அது விரியாது. வேட்டைக் குண்டு உள்ளே போனதும் முனை விரிய வேண்டும், விரிந்த பிறகும் சிதறாமல் ஆழமாகப் போக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். சீக்கிரம் விரிகிற மெல்லிய குண்டு, தோள் எலும்பில் பட்டால் உடைந்துபோகும். கெட்டியான குண்டு, விலா எலும்பு மெலிந்த விலங்கில் விரியாமலே மறுபக்கம் வெளியேறிவிடும்.

இதற்கு ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் ஒரு வழி கண்டார். 1946இல் கனடாவில் மூஸ் என்ற மிகப்பெரிய மானை வேட்டையாடியபோது, அவர் சுட்ட குண்டுகள் சேறு காய்ந்த தோலிலேயே சிதறின. ஊர் திரும்பியதும் அவர் செய்ததுதான் பார்ட்டிஷன் என்ற குண்டு. இரண்டு ஆண்டுகளில் விற்பனைக்கும் வந்தது. அந்தக் குண்டை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள்: நடுவே குறுக்காக ஒரு உலோகச் சுவர் இருக்கும், மேலே ஓர் ஈயக் கட்டி, கீழே ஓர் ஈயக் கட்டி. மேல் பாதி விரிந்து கிழியலாம், சுவருக்குக் கீழே உள்ளது சிதறாமல் இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும். பல ஆண்டுகள் ரைபிள் பழுதுபார்த்த கை என்னுடையது. இவ்வளவு எளிமையான வேலைப்பாடு இவ்வளவு நன்றாக வேலைசெய்வதைப் பார்த்தால் இன்றும் மனம் நிறைகிறது.

செப்புக்குண்டில் ஈயமே இல்லை, பெரும்பாலும் எடையும் இழக்காது. ஈயத் துகள் இறைச்சியில் கலக்கும் கவலையும் இல்லை. மச்சான் வீட்டில் சின்னப்பிள்ளைகள் அந்த இறைச்சியைச் சாப்பிடுவார்கள் என்றால் எனக்கு இது ஒன்றே போதும். குறை ஒன்று உண்டு. அது விரிய வேகம் வேண்டும், தூரம் கூடினால் வேகம் குறையும். எந்த வேகம் வரை விரியும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார், அதைப் படிக்கச் சொல்லுங்கள். 286இல் பல குண்டுகள் மானைவிடப் பெரிய விலங்குக்கென்றே கெட்டியாகச் செய்தவை. ஆக, ரெட் டீருக்கு என் வாக்கு 250 செப்புக்குத்தான்.

தூரத்தை 200 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் சரிசெய்த 286 குண்டு, 200இல் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கியிருக்கும். 250 அதைவிடக் கொஞ்சம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மச்சான் தன் கராஜில் தோட்டாவும் நிரப்புகிறார். இந்தக் குண்டுக்கு எத்தனை கிரெய்ன் வெடிமருந்து போடலாம்?

பதில்: எண்ணைச் சொல்ல மாட்டேன். அது மருந்தின் வகை, பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு, அந்தக் குறிப்பிட்ட ரைபிள் எல்லாவற்றையும் பொறுத்தது. குண்டு தயாரிப்பாளரின் கையேட்டைத் திறந்து, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறட்டும். ஒரே எடையுள்ள ஈயக்குண்டின் கணக்கைச் செப்புக்குண்டுக்குப் போடவே கூடாது. செம்பு ஈயத்தைவிட லேசானது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். அது கூட்டுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். ரைபிளின் போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) இறுகித் திறந்தாலோ, பிரைமர் தட்டையாகிப் போனாலோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. மருந்து போட்ட கூடுகளை வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் உடனே தெரியும். அப்புறம், குளிர்காலத்தில் உச்சம் வரை ஏற்றிப் பார்த்த தோட்டாவை வெயிலில் நின்ற காருக்குள் வைக்கவேண்டாம். சூட்டில் பல மருந்துகளுக்கு அழுத்தம் கூடும். நொடிக்கு 30 மீட்டர் கூடுதல் வேகம் மானுக்குத் தெரியப்போவதில்லை, ரைபிளுக்குத் தெரியும்.

கேள்வி: நான் சுடலாமா? ஒரு வெற்றுத் தோட்டாவை நினைவாகக் கொண்டுவரலாமா?

பதில்: உரிமம் உள்ள மச்சான் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணித்தால், அந்நாட்டுச் சட்டப்படி நீங்கள் சுடலாம். அரசு வனப்பகுதி என்றால் வேட்டை அனுமதிச்சீட்டும் எடுங்கள்.

வெற்றுத் தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். சுட்டு முடித்த கூடோ, சாவிக்கொத்தில் தொங்கும் குண்டோ, உரிமம் இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவந்தால் குற்றம். என்எஸ்ஸில் ஒவ்வொரு முறையும் சுடுதளத்தை விட்டு வெளியேறுமுன், கையில் தோட்டாவோ வெற்றுக் கூடோ இல்லை என்று உரக்கச் சொல்லியிருப்பீர்களே, அதே விதிதான். கிளம்புவதற்கு முந்தின இரவு மச்சானிடம் இரவல் வாங்கிய ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பையின் ஒவ்வொரு சிறு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள்.