ஜப்பானில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அண்ணா, எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நாரா, ஹிரோஷிமா, சப்போரோ என்று போட்டு வைத்திருக்கிறேன். முடியுமா?

பதில்: முதலில் சப்போரோவை அடித்துவிடுங்கள் தம்பி. அது வடக்கே ஹொக்கைடோ தீவில் இருக்கிறது, தனியாக விமானம் பிடிக்க வேண்டும். டோக்கியோவில் மூன்று இரவு, கியோட்டோவில் நான்கு இரவு தங்கினால் போதும். கியோட்டோவிலிருந்து ஒசாகா சாதாரண ரயிலிலேயே அரை மணி நேரம், நாரா முக்கால் மணி, ஹிரோஷிமா ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ஒன்றே முக்கால் மணி. மூன்றுக்கும் காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். ஊருக்கு ஊர் ஓட்டல் மாற்றினால் காலை பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, புது இடத்தில் மூன்று மணிக்குச் சாவி தரும்வரை நேரம் வீணாகும்.

கேள்வி: இதற்கு ஜேஆர் பாஸ், அதாவது ஜப்பான் ரயில்களில் இஷ்டம்போல் போய்வர வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் பாஸ், வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவில் இறங்கி, ஒசாகா பக்கமுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊருக்குக் கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். டோக்கியோ–கியோட்டோ ஒருவழிக்குச் சுமார் 14,000 யென், ஹிரோஷிமா போய்வரச் சுமார் 22,000. தனித்தனியாக வாங்கினாலே மிச்சம். ஊருக்குள் சுற்ற, முன்பணம் போட்டு வைக்கும் சுயிகா பயண அட்டை ஒன்று போதும், கியோட்டோவிலும் ஒசாகாவிலும் அதுவே செல்லும்.

கேள்வி: கியோட்டோவுக்கு மட்டும் பதினான்கு கோயில் குறித்து வைத்திருக்கிறேன். எதை வெட்டுவது என்று புரியவில்லை.

பதில்: நாலாவது கோயிலுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும், அதுவும் மூன்றும் மூன்று விதமாக இருக்க வேண்டும். பெரும்பாலான கோயில்கள் மாலை ஐந்து மணி வாக்கில் மூடிவிடும், அதனால் காலை நேரம்தான் உங்கள் மூலதனம்.

மலைமேல் இருக்கும் ஃபுஷிமி இனாரி கோயில் இரவும் பகலும் திறந்திருக்கும், கட்டணமும் கிடையாது. ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பத்து மணிக்குப் போனால் செந்நிறத் தோரண வாயில்களைவிடச் செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம் தெரிவார்கள். தாமதமாகிவிட்டால் மேலே ஏறிக்கொண்டே இருங்கள். மலை 233 மீட்டர்தான், பாதி வழியிலேயே கூட்டம் கரைந்துவிடும்.

தங்கக் கோயிலான கின்காகுஜி நேரம் இருந்தால் மட்டும். அங்கே நிற்பது 1950இல் தீக்கிரையாகி 1955இல் திரும்பக் கட்டியது. உள்ளே விடமாட்டார்கள். குளத்தின் இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

பதினான்கில் ஒன்றுதான் என்றால் நான் சொல்வது சஞ்சூசங்கென்டோ. உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை! சுமார் 120 மீட்டர் நீள மர மண்டபம், இப்போதைய கட்டடம் 1266இல் எழுப்பியது. உள்ளே பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கண்ணோனின் 1,001 சிலைகள் படிப்படியாக வரிசை கட்டி நிற்கின்றன. நம்மவர்கள் பார்க்க வேண்டியது முன்னால் நிற்கும் 28 காவல் தெய்வங்களை. கருடன் ‘கருரா’ என்ற பெயரில் புல்லாங்குழல் ஊதுகிறார். எலும்பும் தோலுமாகக் கோலூன்றி நிற்கும் கிழவர் வசு முனிவர். பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் இவர்கள். படம் எடுக்கத் தடை என்பதால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்க்கிறார்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடை.

மூன்றாவதாகக் கோயிலே வேண்டாம், நிஜோ கோட்டைக்குப் போங்கள். தாழ்வாரத்தில் கால் வைத்தால் தரைப்பலகை குருவிபோல் கீச்சிடும். பலகைக்கு அடியில் இருக்கும் இரும்புக் கவ்விகள் ஆணியோடு உரசுவதால் வரும் சத்தம் அது.

கேள்வி: கோட்டை என்றால் ஒசாகாவா, ஹிமேஜியா?

பதில்: ஒசாகாவுக்கு மேற்கே இருக்கும் ஹிமேஜி. ஒசாகாவில் இருப்பது 1931இல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. ஹிமேஜியின் பெரிய கோபுரம் 1609இல் கட்டிய அசல் மரக்கட்டடம். படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒசாகா கோட்டையை வெளியே நின்று பார்த்துவிட்டு அந்த ஊரின் சாப்பாட்டுக் கடைத்தெருவான டோடொன்போரிக்குச் சாப்பிடப் போங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஐந்து வயது, ஒன்பது வயது. டோக்கியோ பக்கமுள்ள ஜிப்லி கார்ட்டூன் பட நிறுவனத்தின் மியூசியம் கட்டாயம் வேண்டும் என்கிறார்கள். வேறு எங்கே கூட்டிப் போகலாம்?

பதில்: ஜிப்லிக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்கு அடுத்த மாத டிக்கெட்டை இணையத்தில் திறப்பார்கள். இந்தியாவில் அப்போது காலை ஆறரை. அலாரம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அது கிடைக்காவிட்டாலும் நாரா இருக்கிறது. மான் பிஸ்கட் ஒரு கட்டு 200 யென். நீங்கள் குனிந்தால் மானும் தலையைக் குனியும். கொடுக்காமல் போக்குக் காட்டினால் சட்டை நுனியைக் கடித்து இழுக்கும், கையில் காகித வரைபடம் இருந்தால் அதையும் தின்னும். சின்னவனைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பக்கத்திலேயே தோடைஜி பெரிய புத்தர், சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். ஒசாகாவில் கையுகான் மீன் காட்சியகம், அங்கே திமிங்கிலச் சுறா நீந்துகிறது. மழை நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: டோக்கியோவை மேலேயிருந்து பார்க்க ஸ்கைட்ரீயா, ஷிபுயா ஸ்கையா?

பதில்: காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டும் வேண்டாம். ஷின்ஜுகுவில் பெருநகர அரசு அலுவலகத்தின் 45ஆவது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம். வானம் தெளிந்திருந்தால் ஃபுஜி மலையும் தெரியும்.

கேள்வி: சார், அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி, சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கியோமிசு கோயில் முழுக்க ஏற்றம், அதை விட்டுவிடுங்கள். அசாகுசாவின் சென்சோஜி, ஷின்ஜுகு கியோயென் தோட்டம் இரண்டும் சமதளம். சாப்பாட்டில்தான் சிக்கல். காய்கறி சூப்பிலும் மீன் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக் காட்டுங்கள். டோக்கியோ ஸ்டேஷனுக்குள் டீஸ் டான்டான் என்று முழுச் சைவ ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது. கியோட்டோவில் மடத்துச் சமையலான ‘ஷோஜின் ரியோரி’யை ஒரு வேளையாவது வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களை, அதாவது கிமோனோ அணிந்த பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்களை, படம் எடுக்கலாமா?

பதில்: துரத்திப் போய் எடுக்காதீர்கள். 2024 முதல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை, மீறினால் 10,000 யென் அபராதம்.

கேள்வி: ஏப்ரல் கடைசியில் போனால் செர்ரிப் பூ கிடைக்குமா? மே மாதமும் எனக்குச் சரிதான்.

பதில்: டோக்கியோவிலும் கியோட்டோவிலும் பூ மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தோடு முடிந்துவிடும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை கோல்டன் வீக், நாடே விடுமுறையில் கிளம்பும், அந்த வாரம் வேண்டவே வேண்டாம். மே நடுவில் போங்கள். டோக்கியோ ரியோகோகு அரங்கில் 15 நாள் சுமோ போட்டி நடக்கும். காலையிலிருந்தே இளையவர்கள் மோதுவார்கள், அரங்கம் காலியாகத்தான் இருக்கும். மூன்றரை மணிக்காவது இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள், பெரிய மல்லர்கள் இறங்குவது அதற்கு அப்புறம்தான்.